கேட்டா கலாய்ப்பாங்க

கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் குசும்பு ஒரு பெருமை. முகத்தில் ஒரு சுளிப்பும் காட்டாமல், 'ங்க' போட்டு மரியாதையாகவே ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்ந்தவனுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைக்கும். அந்தக் குசும்பை நான் இன்றும் ரசிக்கிறவன். அதனால் இதைப் படித்துவிட்டு, 'இவனுக்குத் தமாஷே பிடிக்காது போல' என்று முடிவு கட்ட வேண்டாம். கேலிக்கு ஆளானவன் வாய் திறந்தால் முதலில் வரும் குற்றச்சாட்டு அதுதான் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். பேட்டை ஐ.டி.ஐ.யில் டர்னர் (லேத்தில் கடையும் வேலை) படிப்பு முடித்துவிட்டு, கோவை கணபதி ஏரியாவில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். சேர்ந்த வாரமே எனக்கு 'அல்வா' என்று பெயர் விழுந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன், அவ்வளவுதான். முதலில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. புது ஊரில் ஒரு பட்டப்பெயர் கிடைத்தால், நம்மையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்று ஒரு தெம்பு வரும். 'பண்ணுதேன்', 'சொல்லுதேன்' என்று நான் பேசுவதை எனக்கே பேசிக் காட்டுவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்புறம் அது வேலைக்குள் வந்தது. ஒரு நாள் என் கையில் இருந்த வெர்னியரில், அதாவது அளக்கும் கருவியில், ஜீரோ எரர் இருக்கிற மாதிரி, மூடினாலும் பூஜ்யம் காட்டாத மாதிரி தோன்றியது. மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கும் செட்டர் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் பக்கத்து மெஷின்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, "ஏனுங் தம்பி, ஐ.டி.ஐ.ல ரெண்டு வருசமா என்ன, அல்வா கிண்டிட்டு இருந்தீங்களா?" என்றார். அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு. அன்று முதல் ஒரு ஜாப் (மெஷினில் ஓட்டும் உருப்படி) ரிஜெக்ட் ஆனால் போதும், "அல்வா குடுத்துட்டான்யா" என்று எங்கிருந்தாவது குரல் வரும். என் மெஷினில் ஓடாத ஜாப்புக்கும் வரும்.

அதற்குப் பிறகு நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். யோசித்து எடுத்த முடிவெல்லாம் இல்லை. சந்தேகம் வரும். அண்ணன் தனியாக இருக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பேன். கூட ஆள் நின்றால், சரி, அப்புறம் கேட்டுக்கலாம் என்று திரும்பிவிடுவேன். அப்புறம் என்பதற்குள் அந்த ஜாப் முடிந்திருக்கும். தெரிந்த மாதிரி தலையாட்டக் கற்றுக்கொண்டேன். மெஷின் ஷாப்பில் இதைவிட மோசமான பழக்கம் கிடையாது.

கேலியின் பாதிப்பு என்றால் எல்லாரும் மனசு நோவதைத்தான் பேசுகிறார்கள். நோவது உண்மைதான். ஞாயிறு சாயங்காலம் ஆனால் எனக்கு வயிறு பிசையத் தொடங்கும். கேன்டீனில் கடைசி ஆளாகப் போய் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஊருக்குப் போன் செய்தால் அம்மாவிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுவேன். என் பேச்சையே மாற்றிக்கொண்டேன். இன்றைக்கும் ஊருக்குப் போனால், "என்னலே, கோயமுத்தூர்க்காரன் மாரி பேசுத" என்று அங்கே ஓட்டுகிறார்கள். ஆனால் நோவு ஒருவனோடு போகிறது. அவன் கேட்பதை நிறுத்திவிட்டால், அதன் பாதிப்பு அவன் கையில் ஓடும் ஜாப்புக்கும், பக்கத்தில் நிற்கும் ஆளின் விரலுக்கும், வாங்கும் வாடிக்கையாளருக்கும் போகிறது. இந்த இரண்டாவது கணக்கை நான் பிறகு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாறி வேறு கம்பெனிக்குப் போன பின்புதான் முழுசாகப் பார்த்தேன்.

அங்கே ஒரு ட்ரெய்னிப் பையன். எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று கேட்பான். நல்ல குணம். அதற்காகவே அவனுக்கு 'கூகுள்' என்று பெயர். அவன் ஒரு சந்தேகம் கேட்டால், "கூகுளே நம்மளக் கேக்குது பாருங்க" என்று ஒருவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் 'கூகுள்' கேட்பதை விட்டுவிட்டது.

ஒரு நைட் ஷிப்டில் எஸ்.எஸ். 410 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ., டாலரன்ஸ் எச்6. அதாவது 25.000-க்கு மேலே போகக் கூடாது, 24.987-க்குக் கீழே இறங்கக் கூடாது; கையில் இருப்பது 13 மைக்ரான். பையன் இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றினான். புது இன்சர்ட் போட்டால் முதல் பீஸ் கொஞ்சம் பெரிதாகவே வரட்டும் என்று வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்காக மெஷினில் போடும் திருத்த எண்) 0.200 கூட்டி வைத்து ஓட்டுவது வழக்கம். அப்படியே ஓட்டினான். 25.195 வந்தது. இனி 0.201 குறைத்தால் 24.994, அழகாக நடுவில் உட்காரும். கணக்கைச் சரியாகவே போட்டான். ஆனால் மெஷினை இயக்கும் ஃபானுக் கன்ட்ரோலில் அதற்கு இரண்டு கீ இருக்கிறது. '+இன்புட்' அழுத்தினால் ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போடும். வெறும் 'இன்புட்' அழுத்தினால் பழைய எண்ணைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். எதை அழுத்துவது என்று அவனுக்குச் சந்தேகம். 'இன்புட்' அழுத்தினான். 0.200 கூட்டலில் இருந்த ஆஃப்செட் நேராக 0.201 கழித்தலுக்குப் போனது. அடுத்த ஷாஃப்ட் 24.794.

அளக்கவில்லையா என்றால், அளந்தான். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் மைக்ரோமீட்டர் படிக்கத் தெரியாதவன் என்று எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டியிருந்தான். அளவு தப்பா, நான் படிப்பது தப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. நான் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ஒரு மணி நேர உற்பத்தி ட்ரேயில் அடுக்கியிருந்தது. பெரிதாகப் போயிருந்தால் மறுபடி ஓட்டிச் சரிசெய்துவிடலாம். சிறிதாகப் போன ஷாஃப்டுக்கு மருந்து கிடையாது. எல்லாம் ஸ்கிராப்.

விடியற்காலையில் டீ வாங்கிக் கொடுத்து, ஏன்டா யாரையும் கேட்கவில்லை என்றேன். "ரெண்டு தடவ அண்ணன்கிட்ட போனேங்ணா. அங்க நாலு பேரு நின்னுட்டு இருந்தாங்க. கேட்டா கலாய்ப்பாங்கன்னு வந்துட்டேன்" என்றான்.

குவாலிட்டியில் இருப்பவர்களுக்கு 'ஃபைவ் ஒய்' படிவம் தெரிந்திருக்கும். கோளாறு நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு வேரைப் பிடிக்க வேண்டும். டொயோட்டாவிலிருந்து வந்த வழக்கம். நடைமுறையில் பல இடங்களில் இரண்டாவது 'ஏன்'-இலேயே 'ஆப்பரேட்டர் மிஸ்டேக்' என்று எழுதி, 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அன்றும் அப்படித்தான் முடிந்திருக்கும். டே ஷிப்ட் சூப்பர்வைசர் கொஞ்சம் வேறு மாதிரி ஆள் என்பதால் முடியவில்லை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேலி செய்கிறவர்கள் வைத்திருக்கும் பெரிய சாட்சி, "அவனே சிரிக்கிறானே" என்பது. இதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். எங்கள் வார்ப்புகளின் பிசிறு எடுக்கும் ஃபெட்லிங் செக்‌ஷனில் ஒடிசாவிலிருந்து வந்த சிலர் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே தமிழில் அவர்களைப் பற்றி அசிங்கமாகப் பேசிவிட்டு எல்லாரும் சிரிப்பார்கள். அர்த்தம் புரியாமல் அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அதைப் பார்த்து இன்னும் பெரிய சிரிப்பு வரும். அதில் ஒருவர் ஆறு மாதத்தில் நன்றாகத் தமிழ் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்ட பிறகும் அதே சிரிப்பைத்தான் சிரித்தார். அது எனக்குப் புரிந்தது. 'அல்வா'வுக்கு நான் சிரித்ததும் அதே சிரிப்புதான்.

என் மனைவி தமிழ் ஆசிரியை. இதைச் சொன்னபோது, இது பழைய சங்கதி என்றாள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், சிரிப்பு பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அதற்கு உரை எழுதிய பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார். பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது இன்னொன்று. அவ்வளவு காலத்துக்கு முன்பே ஒருவர் கவனித்து எழுதி வைத்ததை, நம் ஷாப்பில் இன்னும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கேலி செய்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என்னை 'அல்வா' ஆக்கிய செட்டர் அண்ணன், கை வைத்தால் மெஷின் பேசும் என்கிற அளவுக்குத் தொழிலாளி. அவர் சின்னப் பையனாக லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். தப்புச் செய்தால் ஸ்பேனரால் கையில் அடி விழுமாம். அடி வாங்கித்தான் தொழில் கற்றேன், நான் உங்களை அடிக்கவா செய்கிறேன், வாயால் நாலு வார்த்தைதானே என்பது அவர் நியாயம். அவர் கதை எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் வாங்கிய அடிக்கு நான் கணக்குத் தீர்க்க வேண்டியதில்லையே.

அவர் நிஜமாகவே 'சும்மா' என்று நினைத்துத்தான் சொன்னார் என்பதையும் நம்புகிறேன். ஜஸ்டின் க்ரூகர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சொல்கிறது: கேலி செய்கிறவருக்குத் தன் எண்ணம் தெரியும், அதனால் அது லேசாகத் தெரிகிறது, கேட்கிறவருக்கு அந்த எண்ணம் தெரியாது, வார்த்தை மட்டும்தான் கிடைக்கிறது. அதனால் ஒரே கேலியை இரண்டு பேரும் வேறு வேறு எடையில் எடுத்துக்கொள்கிறார்கள். 'நான் எந்த எண்ணத்தில் சொன்னேன்' என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பது இதனால்தான்.

கேலி வாயோடு நின்றால்கூடப் பரவாயில்லை என்று நினைக்க வைத்த ஒரு விஷயம் ஏர் கன். மெஷினில் சேரும் உலோகச் சில்லை ஊத வைத்திருக்கும் காற்று பொதுவாக ஆறு பார் அழுத்தத்தில் வரும். குனிந்து நிற்கிறவன் பின்னால் போய் ஊதுவது, சட்டைக்குள் விட்டு ஊதுவது, இதெல்லாம் பல ஷாப்களில் தினசரி 'விளையாட்டு'. விளையாட்டாக ஆசனவாயில் காற்றை அடித்து, குடல் கிழிந்து இறந்தவர்களின் செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. செய்தவர்கள் அநேகமாகக் கூட வேலை பார்த்த நண்பர்கள். அவர்களும் விளையாட்டுக்கு என்றுதான் போலீஸில் சொல்லியிருப்பார்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் யாரிடமும் நயமாகப் பேச மாட்டேன். ஏர் கன்னை ஆள் மேல் திருப்பினால் அப்போதே சூப்பர்வைசரிடம் எழுத்தில் போய்விடும். வாங்கியவன் சிரித்தாலும் சரி.

சரி, வாய்க் கேலிக்கு என்ன செய்வது?

எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, "கண்டுக்காம விடு, தானா நின்னுடும்." சில பேரிடம் நிற்கும். ஒரு கூட்டமே ரசிக்கிற கேலி நிற்காது. நாம் பேசாமல் இருப்பதே அவர்களுக்கு அடுத்த தமாஷ் ஆகிவிடும். இரண்டாவது யோசனை, "நீயும் திருப்பிக் குடு." சம நிலையில் இருக்கும் இருவருக்குள் இது சரிவரும். ட்ரெய்னி செட்டரைத் திருப்பிக் கலாய்த்தால் அன்றிலிருந்து அவன் 'திமிர் பிடித்தவன்'. செட்டிங் சொல்லித்தர ஆள் கிடைக்காது. இதில் ஒரு சோதனையும் இருக்கிறது: உங்கள் இடத்தில் கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவரை ஓட்ட முடிகிறதா? முடிந்தால் அது குசும்பு. ஒரு திசையில் மட்டும் போகிறது என்றால் வேறு ஏதோ நடக்கிறது.

எனக்கு ஓரளவு வேலை செய்தது, தனியாகப் போய்ப் பேசியது. அதுவும் கோபத்தில் இல்லை, ஷாப்புக்குள்ளும் இல்லை. ஷிப்ட் முடிந்து பேக்கரியில் அண்ணன் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணா, தொழில் கத்துக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். உங்கள மாதிரி செட்டிங் பண்றவங்க இங்க யாரும் இல்ல. ஆனா எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டீங்கன்னா அடுத்த தடவ உங்ககிட்ட வரவே பயமா இருக்குங்ணா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அட, நா சும்மா சொன்னதுங் தம்பி. அதெல்லாமா மனசுல வெச்சுக்குவீங்க?" என்றார். மன்னிப்பெல்லாம் இல்லை. 'அல்வா'வும் போகவில்லை. ஆனால் வேலை விஷயமாகக் கேட்டால் கலாய்ப்பதை அவர் குறைத்துக்கொண்டார். எனக்கு அப்போது அது போதுமானதாக இருந்தது.

அப்படிப் பேசப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: 'நீங்க என்னக் கேவலப்படுத்துறீங்க' என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள், அதனால் வேலையில் என்ன ஆகிறது என்று சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். கூட்டத்தில் முக்கியமானவர் ஒருவர் நிறுத்தினால் மற்றவர்களுக்குச் சுதி குறைந்துவிடும். எல்லாரிடமும் போய்ப் பேச வேண்டியதில்லை.

என்னைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு இன்னொருவருக்கு உண்டு. மெயின்டனன்ஸில் ஒரு ஃபிட்டர், ரிட்டயர்மென்டுக்குப் பக்கத்தில் இருந்தவர். வெர்னியர் விஷயத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் யாரையும் கண்டிக்கவில்லை, உபதேசம் செய்யவில்லை. நடந்து வந்து கையை நீட்டி, "அத இங்க குடு, பாக்கலாம்" என்றார். வாங்கி, துடைத்து, தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எரர் இருக்குதுங்ளே, ஸ்டோர்ல குடுத்து மாத்திக்க" என்றார். அவ்வளவுதான். என் கேள்வி கேள்வியாகத் திரும்பி வந்தது. அவர் கடைசி வரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். பக்கத்தில் நிற்கிறவர்கள் சண்டைக்குப் போக வேண்டும் என்றில்லை. சிரிக்காமல் இருக்கலாம். கேட்டதற்குப் பதில் சொல்லலாம். பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அதற்கு ஒரு பதவியும் தேவையில்லை.

இப்போது கேலி ஷாப்போடு நிற்பதில்லை. ஷிப்ட் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒருவர் தூங்கி வழியும் போட்டோவை ஸ்டிக்கராக்கிப் போட்டால், அது அவர் வேலை மாறிப் போன பிறகும் சுற்றும். ஒரு ஆள் லீவு கேட்டுப் போட்ட மெசேஜுக்குக் கீழே அவர் முகமே ஸ்டிக்கராக வந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்த தடவை அவர் லீவு கேட்கவில்லை, சொல்லாமல் நின்றார், சம்பளத்தில் பிடித்தார்கள். அட்மின் நினைத்தால் அரை நிமிஷ வேலை: குரூப் வேலைக்கு மட்டும், ஆள் படத்தில் ஸ்டிக்கர் கூடாது என்று ஒரு வரி.

தொடர்ந்து நடந்தால் எழுதி வையுங்கள். தேதி, ஷிப்ட், சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் இருந்தார்கள், அதனால் வேலையில் என்ன நடந்தது. மெசேஜ் என்றால் உடனே ஸ்கிரீன்ஷாட்; 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' அழுத்தினால் போயே போய்விடும். புகார் கொடுக்கிறோமோ இல்லையோ, எழுதிப் பார்த்தால் நமக்கே ஒரு தெளிவு வரும். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேலையிடத் துன்புறுத்தலை அளக்க ஒரு கேள்விப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள 22 செயல்களில் அளவு மீறிய கேலியும் குத்தல் பேச்சும் ஒன்று. அவர்கள் 'வலித்ததா' என்று கேட்பதில்லை. கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை நடந்தது, எப்போதாவதா, மாதா மாதமா, வாரா வாரமா, தினமுமா என்று கேட்கிறார்கள். நம் நோட்டும் அதைத்தான் காட்டும். எப்போதோ ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். வாரா வாரம், அதே ஆள் மேல் என்றால் அதை 'சும்மா' என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த டே ஷிப்ட் சூப்பர்வைசர் விஷயத்துக்கு வருகிறேன். ஷாஃப்ட் ஸ்கிராப் ஆன படிவத்தில் 'ஆப்பரேட்டர் மிஸ்டேக்' என்பதை அடித்துவிட்டு, 'சந்தேகம் கேட்கவில்லை. கேட்டால் கேலி செய்கிறார்கள்' என்று எழுதினார். மீட்டிங்கில் அதைப் படித்தபோது சிலர் அதற்கும் சிரித்தார்கள். அவர் கோபப்படாமல், ஷாஃப்ட் எத்தனை, மெட்டீரியல் என்ன விலை, மெஷின் ஹவர் எவ்வளவு என்று போர்டில் போட்டுக் காட்டினார். மனசு நோகுது என்று சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ரூபாயில் சொன்னதும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அதில் கொஞ்சம் கசப்புதான், ஆனாலும் கதவு திறந்தது அப்படித்தான்.

அவர் செய்தவை ரொம்பச் சின்ன விஷயங்கள். ஷிப்ட் மாறும்போது நடக்கும் பேச்சில் முதல் ஐந்து நிமிஷம் சந்தேகங்களுக்கு மட்டும். முதல் சந்தேகத்தை அவரே கேட்பார், அதுவும் எல்லாருக்கும் தெரிந்த சாதாரண விஷயமாக. "இந்த ட்ராயிங்ல இந்தக் குறி எனக்கு மறந்துபோச்சு, யாராச்சும் சொல்லுங்கப்பா." ஆஃப்செட் மாற்றினால் இன்னொருவர் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிள் ஸ்டார்ட், அதாவது மெஷினை ஓட விடுவது. இதனால் கேட்பது என்பது தெரியாதவன் செய்வது என்ற நிலை போய், எல்லாரும் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது. 'கூகுள்' பெயர் போகவில்லை. ஆனால் பையன் மறுபடி கேட்க ஆரம்பித்தான். இப்போது அவனே செட்டிங் பார்க்கிறான்.

எதை மேனேஜ்மென்ட் பார்த்துக்கொள்ளும், எது சட்டத்துக்குப் போகும் என்பதில் தெளிவு வேண்டும். வேலையிடத்தில் நடக்கும் வெறும் கேலிக்கு என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் கேலியின் உள்ளே இருப்பதைப் பொறுத்து உண்டு. எங்கள் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷனில் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பக்கம் போகும்போது சிலருக்கு டபுள் மீனிங் இல்லாமல் பேச வராது. பாலியல் சாயல் உள்ள பேச்சு, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படியே துன்புறுத்தல்தான். தொட்டால்தான் குற்றம் என்பதில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். அதைவிடச் சின்னப் பட்டறை என்றால் மாவட்ட அளவில் உள்ளூர் குழுவுக்குப் போகலாம். தேதி போட்டு எழுதி வைத்த நோட்டு இங்கேதான் கை கொடுக்கும்.

ஒரு பட்டியல் சாதிக்காரரைப் பலர் பார்க்க, கேட்கச் சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசுவது 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும். "எந்த ஊரு, எந்தத் தெரு, குலசாமி எது" என்று சிரித்துக்கொண்டே தோண்டும் ஆட்கள் எல்லா ஷாப்பிலும் இருக்கிறார்கள். அந்தத் தோண்டலுக்குப் பிறகு வருகிற கேலியை நான் தமாஷ் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கால் தாங்கி நடக்கும் ஸ்டோர் கீப்பரை நடந்து காட்டிச் சிரித்தவர்களுக்கும் சொல்கிறேன்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மாற்றுத்திறனாளியைப் பலர் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை வைத்திருக்கிறது.

இதெல்லாம் ஓரளவு பெரிய கம்பெனிக்கு. ஐந்தாறு லேத் போட்டு ஓனரும் மச்சானும் சேர்ந்து நடத்தும் ஜாப் ஒர்க் பட்டறையில், கலாய்ப்பதே அந்த மச்சான் என்றால் என்ன செய்வது? அங்கே எச்.ஆர். கிடையாது, படிவம் கிடையாது. ஒரு தடவை ஓனரிடம் தனியாகச் சொல்லிப் பார்க்கலாம், ஸ்கிராப் கணக்கோடு. மாறவில்லை என்றால் இடத்தை மாற்றுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆத்திரத்தில் பாதி ஷிப்டில் கிளம்பாதீர்கள். கோவையில் டர்னருக்கும் செட்டருக்கும் வேலை கிடைத்துவிடும். அனுபவச் சான்றிதழும் பாக்கிச் சம்பளமும் சண்டை போட்டு வந்தால் கிடைப்பது கஷ்டம். அடுத்த இடம் உறுதியான பிறகு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பி.எஃப். பிடித்திருந்தால் அந்தக் கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் கையில் இருக்கிறதா, வெளியேறிய தேதியை ஆன்லைனில் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். அதைப் போடாமல் இழுத்தால் பிறகு பணம் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும். புது இடத்தில் இன்டர்வியூவுக்குப் போகும்போது, டீ டைமில் ஷாப்புக்குள் ஒரு சுற்று வர அனுமதி கேளுங்கள். ட்ரெய்னி ஒருவன் செட்டரிடம் ஏதாவது கேட்கிறானா, பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சம்பளத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.